டீக்கடை கட்டியவனுக்கு அரியர்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக, மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு மெய்நிகர் உலகங்களைக் கட்டும் விருப்பப் பாடத்தை நடத்திவருகிறேன். மாணவர்கள் அதை 'வி.ஆர். பேப்பர்' என்பார்கள். வி.ஆர். என்றால் விர்ச்சுவல் ரியாலிட்டி, மெய்நிகர் உண்மை. பேப்பர் என்கிற அந்தச் சொல்லிலேயே என் வழக்கு முழுவதும் அடங்கிவிடுகிறது: இந்தப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு வேண்டாம், மாணவர்கள் கட்டிய உலகங்களை வைத்தே மதிப்பிடுவோம்.

உங்களில் இரண்டு பேர் எனக்குப் பாடம் எடுத்தவர்கள். இதை நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். சொன்னேன், இரண்டு முறை. "எழுதிக் கொடுங்க, அடுத்த கூட்டத்துல வைப்போம்" என்றீர்கள். எழுதியும் கொடுத்தேன். அந்தத் தாள் எந்தக் கோப்புக்குள் உறங்குகிறதோ தெரியவில்லை. இப்போது எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபம் கொஞ்சம் இருக்கிறது, மறைக்கவில்லை. மரியாதை குறையவில்லை.

முதலில் ஒரு டீக்கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் நான்கு பேர் கொண்ட ஒரு குழு, மெய்நிகர் டீக்கடை ஒன்றைக் கட்டியது. தகரக் கூரை, பாய்லர், கண்ணாடி கிளாஸ் அடுக்கிய கம்பித் தட்டு, நாளிதழ் தொங்கும் கொடி, பக்கத்தில் வாழைப்பழத் தார். கண்முன் திரை வரும்படி தலையில் மாட்டும் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டால் நீங்கள்தான் டீ மாஸ்டர். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நல்ல மதிப்பெண் போடலாம் என்று இருந்தேன். எங்கள் வகுப்பில் ஒரு விதி உண்டு: கட்டியவர்களும் நானும் பார்த்தால் போதாது, வகுப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் தலையில் மாட்டிப் பார்க்க வேண்டும். பையன்கள் கேன்டீனில் டீ போடும் அண்ணனையே கூட்டிவந்துவிட்டார்கள்.

அவர் மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நின்றார். சுற்றிப் பார்த்தார். பிறகு வலது கையை மேலே தூக்கி, இடது கையைக் கீழே இறக்கி, டீ ஆற்றுவதுபோல ஒரு முறை செய்தார். உடனே கையை இழுத்துக்கொண்டார். "தம்பி, பாய்லர இங்க வச்சிட்டு கிளாஸ் தட்ட அங்க வச்சிருக்கீங்களே, ஆத்துற கை எங்க போவும்? முட்டி இடிக்கும்ல" என்றார். அப்புறம் மேடையைத் தொடுவதுபோல உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு உசரத்துல நாள் பூரா நின்னு போட்டா தோள்பட்டை கழண்டுரும்" என்றார். கடைசியாகக் குனிந்து மேடைக்கு அடியில் பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை. பால் கேன் எங்கே, அழுக்குத் தண்ணி வாளி எங்கே என்று கேட்டார்.

மூன்று வாரம் அந்தக் கடையையே பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஐந்து பேர் கண்ணிலும் இவற்றில் ஒன்றுகூடப் படவில்லை. நாங்கள் அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் உடம்பால் பார்த்தார்.

தொழில்நுட்பக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. உலகங்களைக் கட்ட நாங்கள் பயன்படுத்தும் யூனிட்டி என்ற மென்பொருளில் ஓர் அலகு என்றால் ஒரு மீட்டர். முப்பரிமாண மாடல் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் மேடையை வரைந்த பையன் அளவு எதுவும் பார்க்காமல் கண் மதிப்பில் வரைந்து, உள்ளே கொண்டுவந்தபோது "சரியாத்தான் தெரியுது" என்று விட்டுவிட்டான். அளந்தால் 1.3 மீட்டர் இருந்தது, நெஞ்சு உயரம். தட்டையான திரையில் 1.3 மீட்டரும் 90 சென்டிமீட்டரும் ஒரே மாதிரிதான் தெரியும். ஹெட்செட்டுக்குள் அப்படித் தப்பிக்க முடியாது. மறுநாள் நான்கு பேரும் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கல்லூரி வாசலில் இருக்கும் கடைக்குப் போய், மாஸ்டருக்குத் தொந்தரவு கொடுத்து, மேடை உயரம், பாய்லர் தூரம், தட்டின் சாய்வு எல்லாவற்றையும் அளந்து வந்தார்கள். கடையை இடித்துவிட்டு மறுபடி கட்டினார்கள். மேடைக்கு அடியில் வாளியும் வந்தது.

அந்தக் குழுவில் அதிகம் உழைத்த பையனுக்கு உங்கள் செமஸ்டர் தேர்வில் அரியர்.

அவன் எழுதியது மோசம்தான். விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தேன், திருத்தியவர்மேல் தவறில்லை. "மெய்நிகர் உண்மையின் மூன்று 'ஐ'க்களை விளக்குக" என்று கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் ஐ என்ற எழுத்தில் தொடங்கும் இம்மர்ஷன் (மூழ்குதல்), இன்டராக்ஷன் (ஊடாட்டம்), இமாஜினேஷன் (கற்பனை) என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் நிரப்ப வேண்டும். அவனுக்கு இரண்டாவது மறந்துபோயிருக்கிறது. பாய்லர் குழாயைத் திருப்பினால் கையில் அதிர்வு வரும்படி செய்தவனுக்கு இன்டராக்ஷன் என்ற சொல் மறந்துபோய்விட்டது! அதே தேர்வில் மூன்று ஐயையும் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி முதல் கிரேடு வாங்கிய இன்னொரு மாணவனின் உலகத்தில் யாராலும் ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. அவனையும் நான் குறை சொல்ல மாட்டேன். நாம் கேட்டதைக் கொடுத்தான்.

இப்போதைய பாடத்திட்டம் ஐந்து யூனிட், இரண்டு மார்க், பதினாறு மார்க், கடைசியில் மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு. நம் ஊரில் தெர்மோடைனமிக்ஸ் முதல் தொழில்முனைவு வரை எல்லாவற்றையும் ஊற்றி வைக்கும் அதே பாத்திரம். முதல் யூனிட் வரலாறு. 1968இல் ஐவன் சதர்லேண்ட் செய்த தலைக்கருவி அங்கே வருகிறது. கனம் தாங்காமல் கூரையிலிருந்து தொங்கவிட்டதால், பழங்கதையில் தலைக்கு மேல் தொங்கும் டாமக்ளீஸின் வாள் அதற்குப் பட்டப்பெயர் ஆனது. அருமையான கதை, வகுப்பில் ரசித்துச் சொல்வேன். ஆனால் பதினாறு மார்க்குக்கு அதன் படத்தை வரையச் சொல்வது எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மூன்றாவது யூனிட்டில் இன்னும், முப்பரிமாண உலகங்களை இணையத்தில் காட்ட எழுதிய பழைய குறிமொழியான வி.ஆர்.எம்.எல். இருக்கிறது. அது 1997இல் சர்வதேசத் தரமானது. இன்று ஒரு சாதாரண உலாவியைத் திறந்தால் அந்தக் கோப்பு அப்படியே ஓடாது. அந்த வேலைக்கு இப்போது, உலாவியிலேயே வி.ஆர். காட்ட உதவும் வெப்எக்ஸ்ஆர் வந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. என் மாணவர்கள் தாங்கள் பிறப்பதற்கு முந்தைய குறிமொழியின் கட்டளைகளைத் தேர்வுக்கு முந்தைய இரவு மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் மறந்துவிடுகிறார்கள். அதுவே நல்லது.

"வேறு எங்கே எப்படி நடத்துகிறார்கள்?" என்று போன முறை உங்களில் ஒருவர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இதில் நாம் முன்னோடிகளாக வேண்டிய அவசியம்கூட இல்லை.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராண்டி பாஷ் என்ற கணினிப் பேராசிரியர், 1990களின் பிற்பகுதியில் இதே பொருளில் ஒரு வகுப்பைத் தொடங்கினார். கணையப் புற்றுநோயோடு 2007 செப்டம்பரில் அவர் ஆற்றிய கடைசி உரை உலகம் முழுக்கப் பரவியதால் அவர் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2008 ஜூலையில் இறந்துபோனார். அந்த உரையைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் பலர். அதில் அவர் தன் வகுப்பை எப்படி நடத்தினார் என்று விளக்கிய பகுதியைத்தான் நான் நோட்டும் பேனாவுமாக மறுபடி மறுபடி கேட்டேன்.

ஐம்பது மாணவர்கள். கணினித் துறையிலிருந்து மட்டும் வந்தவர்கள் இல்லை. ஓவியம், நாடகம், வடிவமைப்பு என்று பல துறைகளிலிருந்து வந்தவர்கள். நான்கு நான்கு பேராகக் கலைத்துப் போட்டு, இரண்டு வாரத்தில் ஓர் உலகம் கட்டச் சொல்வார். இரண்டு வாரம் முடிந்ததும் குழுவைக் கலைத்து, வேறு மூன்று பேரோடு அடுத்த உலகம். ஒரு செமஸ்டரில் ஐந்து உலகங்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் கூட வேலை செய்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதும் கணக்கில் வரும். உள்ளடக்கத்துக்கு அவர் வைத்த தடை இரண்டே: துப்பாக்கிச் சூடு கூடாது, ஆபாசம் கூடாது. முதல் முறை மாணவர்கள் காட்டியது அவர் ஒரு செமஸ்டர் முழுவதுக்கும் எதிர்பார்த்ததையே தாண்டிப் போய்விட்டதாம். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் தன் ஆசிரியர் ஆண்டி வான் டாமுக்குப் போன் போட்டிருக்கிறார். நாளைக்கு வகுப்புக்குப் போய், "நன்றாக இருந்தது, ஆனால் உங்களால் இதைவிட நன்றாகச் செய்ய முடியும்" என்று சொல் என்றாராம் அவர். எங்கே கோடு போடுவது என்று உனக்கே தெரியாதபோது கோடு போட்டு அவர்களைத் தடுக்காதே என்பது அதன் உட்பொருள். கேள்வித்தாள் என்பதே முன்கூட்டிப் போட்ட கோடுதானே ஐயா.

செமஸ்டர் கடைசியில் அந்த உலகங்களை மேடையில் ஏற்றி எல்லாருக்கும் காட்டுவார்கள். பெற்றோர், நண்பர்கள் என்று அரங்கு நிறைந்துவிடும். பாஷுக்குப் பிறகு அந்த வகுப்பை, கணினி விளையாட்டு வடிவமைப்பாளரான ஜெஸ்ஸி ஷெல் ஏற்று நடத்தினார்.

அவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்பீர்கள். உண்மை. என்னிடம் 48 மாணவர்களும் இரண்டு ஹெட்செட்டும் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஓர் உலகம் என்பது, இன்டர்னல் தேர்வும் சிம்போசியமும் பொங்கல் விடுமுறையும் இடையில் வரும் நம் செமஸ்டருக்கு ஒத்துவராது என்று முதல் ஆண்டே தெரிந்துகொண்டேன். நான் மூன்று வாரத்துக்கு ஒன்று என்று நான்கு உலகம் வைத்திருக்கிறேன். துப்பாக்கித் தடை இங்கும் உண்டு. கூடவே நான் சேர்த்துக்கொண்டது பேய்த் தடை. அதைச் சொல்லாவிட்டால் பன்னிரண்டு குழுவில் எட்டுக் குழு பாழடைந்த பங்களாவும் வெள்ளைப் புடவையும்தான் கட்டும். இருட்டாக வைத்தால் மாடல் செய்யும் வேலை மிச்சம் என்பது அவர்களுடைய கணக்கு. தடை போட்ட பிறகு இரண்டு நாள் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் நாள் யாராவது ஒருவர் பஸ் ஸ்டாண்டு என்பார், தறிக்கூடம் என்பார், தன் ஊர்க் கிணறு என்பார். அங்கேதான் வகுப்பு தொடங்குகிறது.

சிறு உலகங்கள் பலவற்றைக் கட்டுவது ஏன் முக்கியம் என்றால், இந்த வேலையில் தப்பு செய்தால்தான் எதுவும் ஏறும். முதல் உலகத்தில் எல்லாரும் கிறுகிறுப்பைக் கட்டுகிறார்கள். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. ஒரு குழு தேர்த் திருவிழா கட்டியது. நாம் தேரின் மேல் தட்டில் உட்கார்ந்திருக்கிறோம், தேர் ஆடி அசைந்து நான்கு வீதி சுற்றுகிறது. கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! மாட்டிப் பார்த்த முதல் ஆள் தெற்கு வீதி திரும்புவதற்குள் கழற்றிவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினார். கண் நகர்கிறது என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு இல்லையே என்கிறது. இந்தச் சண்டையில் தோற்பது வயிறு. தலையைத் திருப்பியதற்கும் காட்சி மாறுவதற்கும் இடையே 20 மில்லிநொடிக்கு மேல் போனாலும் இதே தொல்லை வரலாம். ஹெட்செட் நொடிக்கு 72 படம் கேட்டால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 14 மில்லிநொடிக்கும் குறைவு, அதற்குள் இரண்டு கண்ணுக்கும் வரைந்தாக வேண்டும். பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி. வாஷ்பேசின் வரை போய்வந்தவனுக்கு அது மறக்காது.

அந்தக் குழு என்ன செய்தது தெரியுமா? தேரிலிருந்து ஆளை இறக்கித் திண்ணையில் நிற்கவைத்தார்கள். தேர் தெரு முனையில் திரும்பி, கூரைகளுக்கு மேல் கலசம் மட்டும் முதலில் தெரிந்து, மெல்ல மெல்ல நம்மை நோக்கி வருகிறது. வடம் பிடிக்கும் சத்தம் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போகிறது. நாம் அசையவே இல்லை. அண்ணாந்து பார்க்கிறோம், அவ்வளவுதான். தேரை ஊரில் பார்ப்பவர்கள் அப்படித்தானே பார்க்கிறோம்? என் மூன்று வருடத்தில் நான் பார்த்த மிக நல்ல உலகம் அது. மயக்கத்துக்கு மருந்து தேடப்போய் வந்து சேர்ந்தது.

உடம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்த யூனிட்டிலும் இல்லாத பாடம் இதுதான்.

எங்களிடம் இருப்பது 2020இல் வந்த குவெஸ்ட் 2 என்ற ஹெட்செட். அதில் லென்ஸ் இடைவெளிக்கு 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைகள்தான். கண்மணிகளுக்கு இடையே தூரம் அதைவிடக் குறைவாக உள்ள சில மாணவிகளுக்கு எப்போதும் லேசாக மங்கலாகவே தெரிகிறது, தலைவலிக்கிறது. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லாத மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். ஆழம் தெரியாத அவன், நிழலையும் ஒலியையும் வைத்தே தூரத்தைச் சொல்லும் ஒரு முற்றத்தைக் கட்டினான். பின்னல் போட்டு மல்லிகை வைத்த தலையில் அந்தப் பட்டை உட்காராது. முக்காடிட்ட மாணவிக்கு வேறு விதமாகக் கட்ட வேண்டும். நெற்றியில் இருக்கும் திருநீறும் குங்குமமும் முகப்பஞ்சில் ஒட்டிக்கொள்கின்றன. மே மாத வியர்வை அதில் ஊறினால் என்ன வாசம் வரும் என்று நான் விவரிக்க வேண்டாம். ஒருவர் கழற்றியதும் துடைத்து அடுத்தவருக்குத் தரும் இரண்டு நிமிடத்தையும் சேர்த்துத்தான் நான் கால அட்டவணை போடுகிறேன். லேப் மானுவலில் அந்த இரண்டு நிமிடத்துக்கு இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. கொஞ்சம் தயக்கத்தோடு எழுதுகிறேன். ஹெட்செட் மாட்டிய ஆளுக்குச் சுற்றியிருப்பவர்கள் தெரியமாட்டார்கள். முதல் ஆண்டில் ஒரு மாணவி மாட்டிக்கொண்டு குனிந்து நிமிர்ந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒருவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நான் பார்த்துவிட்டேன், அழிக்கவைத்தேன். அந்தப் பெண் அப்புறம் வகுப்பில் ஹெட்செட்டைத் தொடவே இல்லை. அன்றிலிருந்து என் லேபில் மாட்டியிருப்பவரைப் படம் எடுக்கக் கூடாது. சொல்லாமல் தொடவும் கூடாது. கூட நிற்கும் துணையாள் யார் என்பதை மாட்டுபவர்தான் சொல்ல வேண்டும். இதை என் சொந்த விதியாக வைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. உங்கள் பெயரில், பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் வர வேண்டும். இந்த மடலில் வேறு எதை ஒதுக்கினாலும் இதை ஒதுக்காதீர்கள்.

சரி, பனைமரத்துக்கு வருகிறேன்.

இலவசமாகக் கிடைக்கும் முப்பரிமாண மாடல் தொகுப்புகளைத் திறந்தால் பைன் மரமும் ஓக் மரமும் கொட்டிக் கிடக்கும். மர வேலி, சிவப்புத் தீயணைப்புக் குழாய், செங்கல் புகைபோக்கி வைத்த வீடு. நம் பையன்கள் அவற்றை இழுத்துப் போட்டு ஒரு மணி நேரத்தில் 'என் கிராமம்' என்று கொண்டுவந்து நிறுத்துவார்கள். கயத்தாறு பக்கத்துக் கிராமம் என்பான், பார்த்தால் பனி பெய்யப்போவதுபோல இருக்கும். பனையை நீங்களே செய்யுங்கள் என்பேன். செய்யும்போதுதான் தெரியும் பனையோலை எவ்வளவு பொல்லாதது என்று. ஒவ்வொரு மட்டையும் விசிறிபோல விரிந்து பிளந்திருக்கும். அதை ஒளிபுகும் படமாக ஒட்டினால், ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கி நிற்கும் ஓலைகளை ஹெட்செட்டின் சின்னச் சில்லு திரும்பத் திரும்ப வரைந்து மூச்சு வாங்கும். இருபது பனை நட்டதும் 72 படம் 40க்கு இறங்கிவிடும். எனவே பக்கத்துப் பனைக்கு ஓலையை வெட்டிச் செய்ய வேண்டும், தூரத்துப் பனைக்கு வெறும் தட்டை அட்டை போதும், நடுவில் இருப்பதற்கு இன்னொரு வடிவம். கிராஃபிக்ஸ் பாடத்தில் நான் ஒரு வாரம் தொண்டை வறளச் சொல்வதை ஒரு பனை இரண்டு நாளில் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். போன ஆண்டு எங்கள் ஊர்க் கலைக் கல்லூரியில் எம்.ஏ. தமிழ் படிக்கும் ஒரு பெண், தோழியைப் பார்க்க வந்து என் வகுப்பில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஆட்கள் கடற்கரை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மணல், படகு, வலை எல்லாம் இருந்தன, ஆனால் ஏதோ சுற்றுலா விளம்பரம் மாதிரி இருந்தது. அவர் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இங்க இப்ப என்ன நேரம்?" யாருக்கும் பதில் தெரியவில்லை. யூனிட்டி தானாகப் போட்ட வானத்தை அப்படியே விட்டிருந்தார்கள். "கடற்கரைன்னா நெய்தல். நெய்தல்னா எற்பாடு. பொழுது சாயணும். யாரோ யாருக்காகவோ ஏங்கிட்டு இருக்கணும்" என்றார்.

எதற்கெடுத்தாலும் சங்க இலக்கியத்தை இழுப்பவர்களைக் கண்டால் ஓடிப்போகிற ஆள் நான். ஆனால் அன்று அவர் பலகையில் முதல், கரு, உரி என்று மூன்று சொல்லை எழுதி விளக்கியபோது வாயடைத்துப்போனேன். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கருப்பொருள். அங்கே நிற்பவரின் மனநிலை உரிப்பொருள். நாங்கள் நிலத்தைப் போட்டோம், பொழுதை விட்டோம். பொருள்களை அடுக்கினோம், பறவையும் பறையும் இல்லை, அதாவது ஒலி இல்லை. உரிப்பொருள் என்ற ஒன்றை யோசிக்கவே இல்லை. அன்றைக்கே சூரியனைத் தாழ்த்தினார்கள், நிழல் நீண்டது. அலைச் சத்தத்தை முன்னாலும், ஊர்ச் சத்தத்தை முதுகுக்குப் பின்னால் மெல்லியதாகவும் வைத்தார்கள். கரையில் ஒரு படகுக்கு மட்டும் இடத்தைக் காலியாக விட்டார்கள். மாட்டிப் பார்த்த யாரும் அதற்குப் பிறகு படகுகளை எண்ணவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தப் பெண்ணை அதற்கடுத்த மூன்று வாரமும் நான் வரச்சொன்னேன். வருகைப்பதிவேட்டில் பெயர் எழுத முடியாது, கிரெடிட் கொடுக்க முடியாது, கேட்டில் வாட்ச்மேன் தினமும் விசாரிப்பார். நாலாவது வாரம் வரவில்லை. தனக்கு மதிப்பெண்ணே இல்லாத ஒரு வகுப்புக்கு எத்தனை நாள்தான் பஸ் ஏறி வருவார்?

நான் கேட்பவை இவைதான். செமஸ்டர் இறுதி எழுத்துத் தேர்வை இந்த ஒரு பாடத்துக்கு எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் கட்டிய உலகங்களை ஒரு நாள் பொதுமக்கள் முன் வைத்து, வெளித் தேர்வாளர் முன்னிலையில் மதிப்பிடுவோம். கட்டடக்கலைப் படிப்பில் பல காலமாக ஜூரி, அதாவது மதிப்பிடும் வல்லுநர் குழு, வைத்து நடத்துகிறார்கள், அங்கே யாரும் நியாயம் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. பாடத்தைப் பிற துறைகளுக்கும், முடிந்தால் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் திறந்துவிடுங்கள். விஸ்காம் என்னும் காட்சித் தொடர்பியல், தமிழ், கட்டடக்கலை, இசை, எதுவானாலும் சரி. குழுவில் இருவராவது கணினித் துறைக்கு வெளியே இருந்து வரட்டும். யூனிட் வாரியான பட்டியலுக்குப் பதில், எத்தனை உலகம், எத்தனை வாரம், எத்தனை வெளியாள் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். எந்த மென்பொருள் என்பதை ஆசிரியரிடம் விடுங்கள், இரண்டு வருடத்தில் மாறிவிடும்.

உங்கள் ஆட்சேபங்களும் எனக்குத் தெரியும். கணிதம் போய்விடும் என்பார் ஐயா ஒருவர். அவர் சொல்வதில் பொருள் உண்டு. பொருள்களை முப்பரிமாணத்தில் திருப்ப உதவும் குவாட்டர்னியன் கணிதம் தெரியாமல் இந்தத் துறையில் யாரும் ரொம்ப தூரம் போக முடியாது. ஆனால் அதை வைவாவில் கேளுங்கள். மாணவனுடைய உலகத்திலேயே ஒரு பொருளை மூன்று கோணத்தில் திருப்பச் சொல்லி, ஏன் அது நடுவில் பூட்டிக்கொண்டது என்று கேளுங்கள். மனப்பாடம் செய்தவன் அங்கே நிற்க மாட்டான். மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறும் என்பது இன்னொரு பயம். அதற்காகத்தான் நாங்கள் ஒரு தாள் வைத்திருக்கிறோம். வெளியாள் மாட்டிப் பார்க்கும்போது வேறு ஒரு குழு பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளும்: எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார், முதலில் எங்கே பார்த்தார், எதைத் தொடக் கை நீட்டினார், எங்கே தடுமாறினார், கழற்றியதும் முதலில் என்ன சொன்னார். மூன்று ஆண்டுத் தாள்கள் என் அலமாரியில் இருக்கின்றன. கேன்டீன் அண்ணனின் தாளும் இருக்கிறது. 'கழற்றியதும் சொன்னது' என்ற இடத்தில், "வாளி எங்க?" என்று எழுதியிருக்கிறார்கள்.

ஹெட்செட் இல்லாத கல்லூரிகள் என்ன செய்யும் என்பதுதான் எனக்கே முழுப் பதில் இல்லாத கேள்வி. 2014இல் கூகுள் கொண்டுவந்த, போனைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டிக் கண்ணாடியை வைத்து ஒரு வருடம் முயன்றேன். திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் இல்லாத மலிவு போன்களில் தலையைத் திருப்பினால் உலகம் திரும்பாது. வகுப்பில் பாதிப் பேரிடம் அப்படிப்பட்ட போன்தான் இருந்தது. யாரிடம் நல்ல போன் இருக்கிறது என்பதை வைத்துக் குழு அமையத் தொடங்கியது, அது எனக்குப் பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டேன். பல்கலைக்கழகம் மண்டலத்துக்குப் பத்து ஹெட்செட் வாங்கி, நூலகப் புத்தகம்போல மூன்று வாரத்துக்குச் சுற்றில் விட்டால் இப்போதைக்குச் சமாளிக்கலாம். கட்டுவதற்குச் சாதாரண லேப் கணினி போதும். மாட்டிப் பார்க்கும் வாரத்துக்குத்தான் கருவி வேண்டும்.

டீக்கடைப் பையன் அரியரை நவம்பரில் எழுதப்போகிறான். மூன்று ஐயையும் இந்த முறை உள்ளங்கையில் எழுதிவைத்தாவது மனப்பாடம் செய்துவிடுவேன் என்றான். உள்ளங்கையில் எழுதாதே, ஹாலில் பிடித்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைத்தால் ஹெட்செட் இரண்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒரு மேசையை ஓரமாகத் தள்ளிவைத்து இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடம் கொடுத்தால் போதும். உங்கள் பத்து பேருக்கும் வரிசையாகக் காட்ட, துடைக்கும் நேரம் உட்பட ஒரு மணி நேரம் ஆகும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடே மாட்டிக்கொள்ளலாம், அதற்கு இடம்விடும் சட்டகம் இருக்கிறது. முதலில் தேரைப் பாருங்கள். டீக்கடையை அப்புறம் பார்க்கலாம்.

இப்படிக்கு,
வி.ஆர். வகுப்பு எடுக்கும் உங்கள் பழைய மாணவன்